வேறு நாட்டுக்கு மாறினால் ‘சோசியல்’ கிடைக்குமா? ஐரோப்பியப் பாஸ்போர்ட் பற்றி ஓர் எளிய விளக்கம்

“அண்ணை, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடைச்சிட்டுது. ஜேர்மனிக்கு, டோர்ட்முண்ட் பக்கம் மாறுவம் எண்டு யோசிக்கிறன். போய் இறங்கின உடன சோசியலில பதிஞ்சால் வீட்டு வாடகையும் காசும் தருவாங்களாமே?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்த அழைப்பு. கேட்டவன் என் சித்தியின் மகன். பரிஸ் புறநகரில் பதினான்கு வருடமாக உணவகச் சமையலறையில் நிற்கிறான். தமிழ்க்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். “வேலையை விட்டிட்டியோ?” என்றுதான் முதலில் கேட்டேன். “இன்னும் இல்லை” என்றான். எனக்கு மூச்சு வந்தது.

அதே கிழமை, என்னோடு வேலை செய்யும் ஜேர்மன்காரர் ஒருவர் செய்தித்தாளைத் தட்டிக்காட்டி, “இவர்கள் எங்கள் உதவிப் பணத்துக்காகத்தான் வருகிறார்கள்” என்றார். அவர் சொன்னது ருமேனியர்களை. தம்பிக்கு ஆசை, அவருக்கு எரிச்சல். நம்பிக்கை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்: எல்லையைத் தாண்டிப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் அரச உதவிப் பணம் வரும். ஐரோப்பியச் சட்டத்தில் அப்படி ஒரு விதி ஒருநாளும் இருந்ததில்லை. அங்கே கேட்கப்படும் கேள்வி வேறு: நீ இந்த நாட்டில் எந்தத் தகுதியில் இருக்கிறாய்?

யாருக்கு இந்த உரிமை?

சுதந்திர நடமாட்டம் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓர் உறுப்பு நாட்டுக் குடிமகன் இன்னோர் உறுப்பு நாட்டுக்கு விசா இல்லாமல் போய் வசிக்கலாம், வேலை செய்யலாம் என்ற உரிமை. 1957இல் ஆறு நாடுகள் உரோமில் கையெழுத்திட்டபோது அது தொழிலாளருக்கான உரிமையாகத்தான் பிறந்தது. பெல்ஜியத்தின் சுரங்கங்களுக்கும் ஜேர்மனியின் தொழிற்சாலைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. இத்தாலியின் தெற்கே ஆட்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். 1993இல் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோதுதான் அது ‘ஒன்றியக் குடிமக்கள்’ எல்லாருக்குமான உரிமையாக விரிந்தது. இன்று 27 நாடுகள். கூடவே நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன். சுவிஸ் தனி ஒப்பந்தத்தில் 2002 ஜூனில் சேர்ந்தது.

இங்கே நம்மவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பிரான்சின் பத்து வருட வதிவிடக் கார்ட் பாஸ்போர்ட் ஆகாது. கார்ட்டோடு ஜேர்மனிக்குக் கலியாணவீட்டுக்குப் போய் வரலாம்; அதை வைத்துக்கொண்டு அங்கே குடியேறி வேலை தொடங்க முடியாது. விதிவிலக்கு, குடிமகனின் மனைவி, கணவன், பிள்ளைகள். குடிமகன் வேறு உறுப்பு நாட்டுக்கு மாறும்போது அவர்கள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அவரோடு போகலாம்.

சீட்டும் அடுப்பும்

‘பெனிபிட்’, ‘சோசியல்’, ‘காசு’ என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கதைப்பதால்தான் பாதிக் குழப்பம். உண்மையில் பை இரண்டு.

ஒன்று சீட்டு மாதிரி. இருபது பேர் மாதம் 500 யூரோ கட்டுகிறார்கள். அதில் ஒருவர் இடையில் பரிஸ் பக்கத்து லா கூர்னெவிலிருந்து ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வீடு மாறுகிறார். அதற்காக அவருடைய சீட்டு முறை போய்விடுமா? கட்டியவருக்கு வரவேண்டியது வந்தே ஆகவேண்டும். சம்பளத்தில் பிடிக்கும் பணத்திலிருந்து வரும் ஓய்வூதியம், வேலையிழப்புப் பணம், நோய்க்காலப் பணம், மகப்பேற்றுப் பணம் எல்லாம் இந்த வகை. இதைச் சமூகக் காப்புறுதி என்று வைத்துக்கொள்வோம்.

மற்றது வீட்டு அடுப்பு மாதிரி. உழைத்தவர், உழைக்காதவர் என்று பார்க்காமல் வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் சோறு உண்டு. ஆனால் அந்த வீட்டு ஆளாக இருக்க வேண்டும். வரிப்பணத்திலிருந்து, வேறு வழி இல்லாதவர் உயிர் வாழத் தரும் பணம் இது: சமூக உதவி. ஜேர்மனியில் முன்பு ‘ஹார்ட்ஸ் ஃபியர்’ என்றார்கள், 2023இல் ‘பியூர்கர்கெல்ட்’ என்று பெயர் மாறியது. நம்மவர் வாயில் அது எப்போதும் ‘சோசியல்’.

சீட்டுப் பணம் எல்லை தாண்டி உங்கள் பின்னால் வரும். அடுப்பு வராது, புது வீட்டில் நீங்கள் யார் என்பதைப் பொறுத்துத்தான் இலை விழும். பிள்ளை வளர்க்க அரசு மாதாமாதம் தரும் பிள்ளைக்காசு இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு விசித்திரம், அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்று மாதம், ஐந்து வருடம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். ஐரோப்பாவில் அது மூன்று மாதம். 2004இல் வந்த ஒன்றியச் சட்டம் ஒன்று காலத்தை மூன்றாகப் பிரிக்கிறது.

முதல் மூன்று மாதம் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ போதும், யாரும் எதுவும் கேட்க முடியாது. ஆனால் அந்த நாடு அடுப்பிலிருந்து ஒரு பிடி சோறும் போடத் தேவையில்லை. வேலை செய்கிறவருக்கு மட்டும் இந்தத் தடை கிடையாது.

மூன்று மாதத்துக்குப் பிறகு, ஐந்து வருடம் வரை, நீங்கள் அங்கே இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். இதைத்தான் வதிவிட உரிமை என்கிறார்கள். வேலை செய்தால் உண்டு, சொந்தத் தொழில் செய்தால் உண்டு. படிக்கிறவருக்கும், வேலையே செய்யாதவருக்கும்கூட உண்டு. ஆனால் அவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் போதிய வருமானமும் முழுமையான மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும். இப்படிப்பட்டவர்களின் குடும்பத்தாருக்கும் உரிமை தொடரும். வேலை தேடுகிறவரை, தேடுவது உண்மையாக இருக்கும்வரை, துரத்த முடியாது. ஆனால் அவருக்குச் சமூக உதவி கொடுக்க வேண்டிய கட்டாயமும் நாட்டுக்கு இல்லை.

ஐந்து வருடம் சட்டப்படி தொடர்ந்து இருந்துவிட்டால் நிரந்தர வதிவிட உரிமை. அதன்பிறகு வேலை இருக்கிறதா, வங்கியில் என்ன இருக்கிறது என்ற கேள்விகள் இல்லை. அந்த நாட்டவரோடு ஒரே பந்தி. தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போனால்தான் அது கைவிட்டுப் போகும்.

ஆக, நடுவில் இருக்கும் அந்த ஐந்து வருடத்தில்தான் எல்லாச் சிக்கலும். அங்கே எல்லாக் கதவையும் திறக்கும் சொல் ஒன்றுதான்: தொழிலாளி.

யார் தொழிலாளி?

வேறு உறுப்பு நாட்டில் தொழிலாளியாக இருப்பவரை முதல் நாளிலிருந்தே அந்த நாட்டவரைப் போல நடத்த வேண்டும். சம்பளம் போதாமல் வாடகைக்கு உதவி கேட்டாலும் அப்படித்தான். ஜேர்மனியில் குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் ஒரு பல்கேரியர், மீதிக்குச் சோசியலில் கேட்டு வாங்கலாம். பலருக்கு இது தெரியாது. தெரிந்த சிலரும் வெட்கத்தில் கேட்பதில்லை.

அப்படியானால் எவ்வளவு வேலை செய்தால் தொழிலாளி? இங்கே லக்சம்பேர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் நாற்பது வருடத்துக்கு முன்பே கதவை அகலத் திறந்துவிட்டது. 1982இல் ஒரு வழக்கு. நெதர்லாந்தில், விடுதி அறைகளைத் துப்புரவு செய்யும் பகுதிநேர வேலையில் இருந்தார் ஒரு பிரித்தானியப் பெண். அந்தச் சம்பளத்தில் வாழ முடியாது, ஆகவே நீங்கள் தொழிலாளி இல்லை என்றது நெதர்லாந்து. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை பெயருக்குச் செய்வதாக இல்லாமல் உண்மையான வேலையாக இருந்தால் போதும் என்றது. 1986இல் இன்னொன்று: கிழமைக்கு 12 பாடம் சொல்லிக்கொடுத்த ஜேர்மன் இசை ஆசிரியர் ஒருவர், அதே நெதர்லாந்தில் மீதிச் செலவுக்குச் சமூக உதவி எடுத்தார். அவரும் தொழிலாளிதான் என்று தீர்ப்பு வந்தது.

நாடுகளுக்கு இது பிடிக்கவில்லை. 2014 மார்ச்சில், அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரித்தானியா ஓர் அளவுகோல் வைத்தது. மூன்று மாதம் தொடர்ந்து வாரம் சுமார் 150 பவுண் உழைத்திருந்தால் கேள்வி இல்லை, அதற்குக் கீழே என்றால் துருவிப் பார்ப்போம் என்று. கையில் சம்பளம் வாங்கிக்கொண்டு சம்பளச் சிட்டை இல்லாமல் நின்றவர்கள் இதில்தான் மாட்டினார்கள். உழைத்தது உண்மை, காட்டக் காகிதம் இல்லை. உணவகமோ கடையோ, சிட்டை தராத இடத்தில் வேலை செய்கிறவர் தன் வதிவிட உரிமையையே அடகு வைக்கிறார் என்பதை நம் கடைத்தெருக்களில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

வேலை போனால்?

வேலை போன அன்றே தொழிலாளித் தகுதி போய்விடாது. நோயாலோ விபத்தாலோ வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் தகுதி நிற்கும். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தபின் முதலாளி நிறுத்தினால், வேலை அலுவலகத்தில் பதிந்து தேடும்வரை நிற்கும். ஒரு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் குறைந்தது ஆறு மாதம்.

அந்த ஆறு மாதம் எவ்வளவு கறாரானது என்று 2015இல் தெரிந்தது. சுவீடன் பாஸ்போர்ட்டோடு ஜேர்மனியில் இருந்த ஒரு தாயும் மூத்த மகளும், ஒரு வருடம் நிரம்பாத தற்காலிக வேலைகள் செய்தார்கள். வேலை நின்றபின் ஆறு மாதம் சமூக உதவி வந்தது, பிறகு நின்றது. நிறுத்தியது சரி என்றது நீதிமன்றம். இன்னும் ஒன்றிரண்டு மாதம் வேலை நீடித்திருந்தால் கதையே வேறு.

லைப்சிக் வழக்கு

செய்தித்தாள்கள் கொண்டாடிய வழக்கு 2014 நவம்பரில் வந்தது. லைப்சிக்கில் சகோதரி வீட்டில் சிறு மகனோடு இருந்த ருமேனியத் தாய் ஒருவர். வேலை செய்யவில்லை, வேலை தேடவும் இல்லை, கையில் பணமும் இல்லை. சமூக உதவி கேட்டார், மறுத்தார்கள். மறுக்கலாம் என்றது ஐரோப்பிய நீதிமன்றம்: வதிவிட உரிமை இல்லாதவர், அதன் மேல் நிற்கும் சம உரிமையைக் கேட்க முடியாது.

‘உதவிப் பணச் சுற்றுலாவுக்கு முற்றுப்புள்ளி’ என்று தலைப்புகள் வந்தன. பல தலைப்புகளில் இல்லாத ஒரு வரி தீர்ப்பில் இருக்கிறது. அந்தத் தாய் மாதம் 184 யூரோ பிள்ளைக்காசு ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருந்தார். மறுக்கப்பட்டது அடுப்புப் பணம் மட்டும். என் வேலையிடத்து நண்பருக்கு இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

ஜேர்மனி அதோடு விடவில்லை. 2016 டிசம்பரில் தன் சட்டத்தை இன்னும் இறுக்கி, வேலை செய்யாத ஒன்றியக் குடிமக்களுக்கு ஐந்து வருடம்வரை சமூக உதவி இல்லை என்று எழுதிவைத்தது. ஊருக்குத் திரும்பும்வரை சமாளிக்க, அதிகமாக ஒரு மாதம், சிறு உதவி உண்டு. ‘இறங்கின உடன சோசியல்’ என்பதற்கு டோர்ட்முண்டில் கிடைக்கும் பதில் இதுதான்.

சீட்டுப் பக்கம் என்ன நடக்கிறது?

இங்கே விதி எளிது. ஒரு நேரத்தில் ஒரு நாட்டில்தான் கட்டுவீர்கள், பெரும்பாலும் வேலை செய்யும் நாட்டில். கட்டிய காலங்களை நாடுகள் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். ஒருவர் ஜேர்மனியில் 4 வருடம், பிரான்சில் 11 வருடம் உழைத்தார். ஜேர்மனியில் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 5 வருடம் வேண்டும். தனியாகப் பார்த்தால் அந்த நான்கு வருடம் தண்ணீரில் எழுதியது. ஆனால் பிரெஞ்சு வருடங்களையும் கூட்டினால் 15 ஆகிறது, தடை தாண்டியாயிற்று. ஜேர்மனி தன் 4 வருடப் பங்கைத் தரும், பிரான்ஸ் தன் பங்கைத் தரும். ‘அது சின்னக் காலம், விடு’ என்று கைவிட்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய சம்பளச் சிட்டைகளைத் தேடி எடுங்கள். இந்தக் கூட்டல் கார்ட் வைத்திருப்பவருக்கும் பொருந்தும், டென்மார்க் மட்டும் இதில் சேரவில்லை.

வேலையிழப்புப் பணமும் கூட்டலில் வரும். தம்பி டோர்ட்முண்டில் சில மாதம் வேலை செய்து, நிறுத்தப்பட்டால், ஜேர்மனி கேட்கும் பன்னிரண்டு மாதக் கணக்கில் பரிஸ் மாதங்களும் சேரும். அதற்கு ‘யூ1’ என்ற படிவத்தைப் பிரான்சில் வாங்க வேண்டும். பிரான்சிலேயே வேலை போனால், நான்கு கிழமை அங்கே பதிந்திருந்தபின், ‘யூ2’ படிவத்தோடு பிரெஞ்சுப் பணத்தை மூன்று மாதம் ஜேர்மனிக்குக் கொண்டுபோய் வேலை தேடலாம். சில இடங்களில் ஆறு மாதம்வரை நீட்டுவார்கள். ஆனால் தானாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தால் பிரான்சில் பொதுவாக அந்தப் பணமே இல்லை. நான் முதல் கேள்வியாக ‘வேலையை விட்டிட்டியோ’ என்று கேட்டது இதனால்தான்.

இனிப் பிள்ளைக்காசு. அப்பா ஜேர்மனியில் வேலை, அம்மாவும் பிள்ளையும் போலந்தில். அம்மா வேலைக்குப் போகாவிட்டால் ஜேர்மனியே முழுதும் தரும்: 2025இல் பிள்ளைக்கு 255 யூரோ. அம்மா போலந்தில் வேலைக்குப் போனால் போலந்து முந்தும். அதன் 800 ஸ்லோட்டி, சுமார் 190 யூரோ. மீதி 65ஐ ஜேர்மனி நிரப்பும். ‘வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஏன் எங்கள் காசு’ என்று ஆஸ்திரியாவுக்குக் கோபம் வந்து, 2019இலிருந்து பிள்ளை இருக்கும் நாட்டின் விலைவாசிக்கேற்பத் தொகையைக் குறைத்தது. அங்கே முதியவர்களின் வீடுகளில் தங்கி இரவு பகலாகப் பராமரிக்கும் சுலோவாக்கிய, ருமேனியப் பெண்களுக்கு விழுந்த அடி அது. 2022 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது: கட்டும்போது ஒரே அளவு கட்டுகிறார்கள், வாங்கும்போது மட்டும் ஏன் குறைவு?

லண்டன் போனவர்கள்

பிரெஞ்சு, டச்சு, ஜேர்மன், நோர்வே பாஸ்போர்ட் எடுத்த ஈழத்தமிழர் பலர் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகப் பிரித்தானியாவுக்கு மாறியதும் இதே உரிமையில்தான். 2016 பெப்ரவரியில் அங்கே பிரதமராக இருந்த டேவிட் கெமரன், புதிதாக வரும் ஒன்றியத் தொழிலாளருக்கு நான்கு வருடம்வரை உதவிப் பணத்தைக் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் பேசி வாங்கினார். கவனியுங்கள், அது குறிவைத்தது வேலை செய்துகொண்டே சம்பளத்துக்கு மேல் அரசிடம் பெறுபவர்களை. சும்மா இருப்பவரைத் தடுக்க ஏற்கெனவே சட்டம் இருந்தது. ஒன்றியத்தை விட்டு விலகுவது என்று முடிவான ஜூன் 23 வாக்கெடுப்போடு அந்த ஒப்பந்தம் குப்பைக்குப் போனது.

2020 டிசம்பர் 31உடன் அங்கே சுதந்திர நடமாட்டம் முடிந்தது. அதற்கு முன் குடியேறி, விண்ணப்பித்தவர்களில் ஐந்து வருடம் நிரம்பியவருக்கு முழு நிரந்தர நிலை. நிரம்பாதவருக்கு ‘ப்ரீ-செட்டில்ட்’ என்ற இடைநிலை. இடைநிலைக்காரர் நாட்டில் இருக்கலாம், ஆனால் ‘யுனிவர்சல் கிரெடிட்’ என்ற அரச உதவிப் பணம் கேட்டால் வேலையோ வேறு தகுதியோ காட்ட வேண்டும். நிலை கிடைத்துவிட்டது, இனி எல்லாம் கிடைக்கும் என்று நம்பி விண்ணப்பித்து மறுப்புக் கடிதம் வாங்கிய வீடுகள் நமக்குத் தெரிந்தவை.

அலுவலகமே பிழையாகப் படித்தால்

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கவேண்டாம். 2019 அக்டோபரில் நோர்வே அரசு ஒன்றை ஒப்புக்கொண்டது. நோய்க்காலப் பணம் போன்றவற்றைப் பெற்றுக்கொண்டு ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வந்தவர்களை, நாட்டை விட்டுப் போனதே குற்றம் என்று, நலத்துறை ஆண்டுக்கணக்காகப் பிழையாகத் தண்டித்திருந்தது. இது சீட்டு வகைப் பணம். எல்லை தாண்டினாலும் கூடவே வரவேண்டியது. பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள், பலர் சிறைக்கே போனார்கள். விசாரணைக் குழு பார்த்தபோது, அரச வழக்கறிஞர், சட்டத்தரணிகள், நீதிபதிகள் எவரும் விதியைத் திறந்து பார்க்கவில்லை என்று தெரிந்தது. மறுப்புக் கடிதம் வந்தால் முறையீடு செய்யும் திகதியை முதலில் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதைப் படித்த பிறகுதான்.

“அப்ப அம்மாவை?”

இவ்வளவையும் சுருக்கித் தம்பியிடம் சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகேலாதோ?” என்றான்.

போகலாம். சித்தி அவனைச் சார்ந்து வாழ்பவர். தொழிலாளியாக இருக்கும் குடிமகனைச் சார்ந்த பெற்றோரும் சட்டத்தின் கண்ணில் குடும்பமே. 2023 டிசம்பரில் அயர்லாந்து வழக்கு ஒன்றில் இன்னும் ஒரு படி தெளிவானது. மகளைச் சார்ந்திருந்த ருமேனியத் தாய் இயலாமைக் கொடுப்பனவு கேட்டார். கொடுத்தால் அவர் அரசுக்குச் சுமை, வதிவிட உரிமை போய்விடும் என்றது அயர்லாந்து. மகள் தொழிலாளியாக இருக்கும்வரை அப்படிச் சொல்லி மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் சார்ந்திருப்பதைக் காட்டக் காகிதம் வேண்டும். ஒரே முகவரியில் வந்த கடிதங்கள், அவன் கட்டிய அவரது மருந்துச் செலவு, வரிப் பத்திரத்தில் அவர் பெயர். “எல்லாத்தையும் ஒரு கோப்பில போடு. டோர்ட்முண்டில வேலை ஒப்பந்தம் கையில வந்தபிறகு பரிஸ் வீட்டுத் திறப்பைக் குடு” என்றேன்.

பின்னால் சித்தியின் குரல் கேட்டது: “ஹம் அம்மன் கோயில் அங்கயிருந்து எவ்வளவு தூரம் எண்டு கேள்.”

ஹம் நகருக்கு ரயிலில் அரை மணித்தியாலம் என்றேன்.